அப்பாயி திருப்பிச் சொல்ல வேண்டும்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். வீட்டின் முன்னறையில் செய்துவந்த தையல் வேலையை நகரத்துக்குக் கொண்டுவந்து ஒரு சிறிய கடை திறந்திருக்கிறார். 1,000 துண்டுப்பிரசுரங்கள் அச்சடித்து நான்கு தேயிலைத் தோட்டங்களில் கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆறு பேர். தமிழ் கடினமாக இருக்கிறதா, பேச்சுத் தமிழில் எழுத வேண்டுமா, சிங்களத்திலும் போட வேண்டுமா, பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் செய்வதுதான் நல்லதா என்று கேட்கிறார். நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். நான் சொல்வது அவர்களுக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்தும் அவர்களுக்கு வேண்டாமா? இதைப் பிரித்தறியாமல் அடுத்த 1,000 அச்சடிப்பது வீண் செலவு. வந்த ஆறு பேரில் ஐந்து பேர் துணியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆறு பேர் சிறிய தொகைதான். ஆனாலும் கடைக்குள் வந்தவர்களுக்கு வேலையும் விலையும் பிடித்திருக்கின்றன என்றுதான் அதைப் படிக்க வேண்டும். குறை ஊசியிலோ கூலியிலோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

நான் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் தொடங்கியவன். பிறகு 19 வருடங்கள் ஒரு விநியோக நிறுவனத்தில், ஒலிபெருக்கி கட்டிய வானில், நோர்வூட்டிலிருந்து இராகலை வரை சவர்க்காரமும் பிஸ்கட்டும் விற்றேன். இப்போது சிறுதொழில் செய்பவர்களுக்கு விளம்பரம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே கீழே நான் சொல்வது நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் கண்டது. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இதை அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பதுளைப் பக்கத்துக்குக்கூடக் கொஞ்சம் மாற்றித்தான் பொருத்த வேண்டும்.

சகோதரியின் துண்டுப்பிரசுரத்தில் இருப்பது இது: "பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும் ஆடை உலகம். உங்கள் ஆடைத் தேவைகள் அனைத்துக்கும் ஒரே தீர்வு. தரமே எமது தாரக மந்திரம். முதலில் வருவோருக்கு 15 வீதக் கழிவு." இதில் பிழையான தமிழ் ஒன்றுமில்லை. ஆனால் இதை எங்கே, யார், எப்படி வாசிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய நம் லயத்து வீட்டில் துண்டுப்பிரசுரம் தனியாக உட்கார்ந்து வாசிக்கப்படுவது குறைவு. பள்ளிவிட்டு வரும் பிள்ளை கையில் கிடைக்கும். அது சத்தமாக வாசிக்கும். அடுப்படியில் இருக்கும் அம்மா காதில் வாங்குவார். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, "என்னவாம்?" என்று கேட்பார். பிள்ளை ஒரு வரியில் பதில் சொல்லும். அந்த ஒரு வரிதான் உங்கள் விளம்பரம். மற்றதெல்லாம் அந்தக் காகிதத்தோடு அடுப்புக்குள் போய்விடும். "சங்கமிக்கும்" என்பதை ஒரு பிள்ளையால் வாசிக்க முடியும், திருப்பிச் சொல்ல முடியாது. அப்பாயி கேட்டபோது அந்தப் பிள்ளை பெரும்பாலும் "ஏதோ துணிக்கடையாம்" என்று சொல்லியிருக்கும். துணிக்கடைக்குத் தீபாவளிக்குத்தான் போவார்கள்.

இப்படிச் சொல்வதற்கு எனக்கு ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. ஒரு சேமிப்புத் திட்டத்துக்கு நான் எழுதிய துண்டில் "பதிவுகளுக்கு முந்துங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். அடுத்த நாள் காலையில் முப்பது பேருக்கு மேல் அடையாள அட்டைப் பிரதியோடு வரிசையில் நின்றார்கள். நிவாரணம் கொடுப்பதற்குப் பெயர் எழுதுகிறார்கள் என்று நினைத்து, அரைநாள் பேரை, அதாவது அரைநாள் வேலையை, விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தோட்டத்தில் "பதிவு" என்றால் வீட்டுக்கு, காணிக்கு, உதவிக்குப் பெயர் கொடுப்பது. நான் அகராதிப் பொருளில் எழுதினேன், அவர்கள் தங்கள் வாழ்க்கையின் பொருளில் கேட்டார்கள். வந்தவர்களில் ஒரு வயதான அம்மா ஒன்றும் பேசாமல் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவர் இழந்தது அரைநாட் சம்பளம். அன்றைக்கு நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். எந்தச் சொல்லையும் அச்சில் ஏற்றுமுன் அது தோட்டத்தில் வேறெந்த இடத்தில் வழங்குகிறது என்று இரண்டு பேரிடமாவது கேட்டுவிடுவேன்.

அந்தக் கண்ணோடு உங்கள் "15 வீதக் கழிவு" என்பதைப் பாருங்கள். விலைக்கழிவு என்பது நம் நாட்டுக் கடைகளில் நன்றாக வழங்கும் சொல்தான். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, பைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பது அன்றாட மனக்குறை. சம்பளச் சீட்டிலும் சேமலாப நிதிக்கு 8 வீதம் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் கையில் வருகிறது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனம் குளிருமா என்பது எனக்குச் சந்தேகம். இது என் ஊகம், அளந்து பார்த்த உண்மையன்று. வீதக் கணக்கைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. 15 வீதம் என்றால் எத்தனை ரூபா என்று வாசலில் நின்று யாரும் கணக்குப் போடுவதில்லை. "800 ரூபாக் கூலி, இந்த மாதம் 680 ரூபா" என்று எழுதினால் ஒரு நொடியில் விளங்கிவிடும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது. உங்கள் வாடிக்கையாளர் எந்தக் கூலியையும் அரைநாள் பேர், முக்கால் நாள் பேர் என்று மனதுக்குள் மாற்றித்தான் பார்ப்பார். ரூபாவாகச் சொல்லுங்கள், அதை அவர் பார்த்துக்கொள்வார்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பாடசாலைச் சீருடை தைக்கும்போது கவுனின் அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பதாகவும், அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்ததும் காசு வாங்காமல் இறக்கிக் கொடுப்பதாகவும் சொல்கிறீர்கள். சகோதரி, உங்கள் கடையில் உள்ள தங்கமே அதுதான்! அதை ஏன் துண்டுப்பிரசுரத்தில் எழுதவில்லை? நீங்கள் அதைத் தினமும் செய்வதால் அது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாய்க்கு அது ஒரு வருடச் செலவு மிச்சம். "பாரம்பரியமும் நவீனமும்" என்பது எல்லாக் கடைக்காரரும் சொல்வது. இரண்டு அங்குல உள்மடிப்பு உங்களுடையது.

தொழில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வருகிற தடுமாற்றம் இது. 1990இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டாவது கண்டுபிடிக்கப்படும் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவரின் காதுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு மேசைச் சத்தம் மட்டும் கேட்கிறது. நீங்கள் "தரமே எமது தாரக மந்திரம்" என்று எழுதும்போது உங்கள் மனதில் அந்த உள்மடிப்பு, இரட்டைத் தையல், தெறிகளைக் கையால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் ஓடுகின்றன. அப்பாயிக்குக் கேட்பது மேசைச் சத்தம்.

நம் முன்னோர்களுக்கு இந்த விடயம் நன்றாகத் தெரிந்திருந்தது. முன்பு தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு என்ற பறையை அடித்தார்கள். சாவுக்கு அடிக்கும் அடி வேறு, கலியாணத்துக்கு வேறு, சாமிக்கு வேறு. முதல் நான்கு அடியிலேயே எதற்கு என்று மலை முழுவதும் விளங்கிவிடும். உங்கள் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியும் அப்படி இருக்க வேண்டும். "ஆடை உலகம்" என்பது எந்த அடி என்று தெரியாத தப்பு. "பாடசாலைச் சீருடை தைக்கிறோம்" என்றால் சந்தேகமில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, வெளியாட்கள் தோட்டத்துக்குள் காலடி வைப்பதே பெரும்பாடு. அவருடைய துணைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடினார், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் புதிய செய்தியை வைத்தார். வாசிக்கத் தெரியாதவரும் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் அல்லவா? செய்தி புதிது, சொல்லும் மெட்டும் பழையவை. உங்கள் கடைக்கும் அதுதான் வழி. அதே மலைகளில், 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலைத் தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற ஒரே கருத்தை வைத்து உலகமெல்லாம் விற்றார். அவருடைய வியாபாரத்தைப் பற்றி நம் மக்களுக்குச் சொல்ல வேறு பல கதைகள் உண்டு, அவை இன்னொரு நாளைக்கு. ஆனால் அந்த வரியை ஒரு தடவை கேட்டவர் அடுத்தவரிடம் அப்படியே சொல்ல முடிந்தது. அதில் "உயர்தர" என்ற சொல்லே இல்லை.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். துண்டுப்பிரசுரத்தில் எழுத்துத் தமிழே இருக்கட்டும், வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். பேச்சுத் தமிழை அச்சில் பார்த்தால் நம் பெரியவர்களில் பலர் தங்களை மட்டமாக நினைத்துவிட்டார்களோ என்று மனம் நோகிறார்கள். இதை நான் நேரில் பல தடவை கேட்டிருக்கிறேன். "தைத்துக் கொடுக்கப்படும்" என்று எழுதாமல் "தைத்துத் தருவோம்" என்று எழுதுங்கள், ஓர் ஆள் பேசுவது போல இருக்கும். ஒலிபெருக்கிக்கும் வாட்ஸ்அப் குரல் பதிவுக்கும் வேறு முறை. அங்கே நீங்கள் வீட்டில் பேசுவது போலவே பேசலாம், பேச வேண்டும். சிங்களத்தைப் பொறுத்தவரை, உங்கள் கடை நகரத்தில் இருப்பதால் கடைப் பலகையில் கட்டாயம் போடுங்கள். தோட்டத்தில் கொடுக்கும் துண்டில் இடத்தை அதற்குச் செலவழிக்க வேண்டாம். ஆனால் தமிழை வைத்து மொழிபெயர்க்காதீர்கள். சிங்களம் பேசும் ஒரு தாயிடம் "இதை உங்கள் அக்காவிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதுங்கள். அரசாங்கப் பலகைகளில் பிழையான தமிழைப் பார்க்கும்போது நமக்கு எப்படி வலிக்கிறதோ அப்படித்தான் அவர்களுக்கும்.

அச்சகத்தில் வேலை செய்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொலைபேசியில் தட்டி அனுப்பும் எழுத்து யூனிகோட். நம் ஊர் அச்சகங்களிலும், நகலெடுத்துக் கொடுக்கும் கொமியூனிகேசன் கடைகளிலும் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி காணாமற் போகும். அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியைக் காகிதத்தில் எடுத்து விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தொலைபேசி இலக்கத்தை அந்தக் காகிதத்தைப் பார்த்தே அழைத்துச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் பிழைத்து 2,000 பிரதிகள் வீணானதைக் கண்டிருக்கிறேன்.

எப்போது கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது சொற்களுக்குச் சமமான விடயம். காலை பத்து மணிக்கு லயத்துக்குப் போனால் பெண்கள் கொழுந்து மலையில் இருப்பார்கள், வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மாலை ஐந்துக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். பெரும்பாலான தோட்டங்களில் மாதச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் வரும். 8ஆம், 9ஆம் திகதிகளில் கையில் கிடைக்கும் துண்டு நினைவில் நிற்கும், 25ஆம் திகதி கிடைப்பது கடனை நினைவூட்டும். எல்லாவற்றையும் விட, அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடையைத் துணியாகத்தான் கொடுக்கிறது. துணி கைக்கு வந்த அந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: இதை எங்கே தைப்பது? அந்த வாரத்தில் பள்ளி வாசலில் நில்லுங்கள். பாடசாலை அதிபரிடம் கேட்டு, துணி கொடுக்கும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். அந்த ஒரு வாரத்தின் 200 துண்டுகள் வேறு காலத்தின் 1,000 துண்டுகளைவிட வேலை செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேஸ்புக் விளம்பரத்தைப் பற்றி என்னால் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. கலியாணச் சேலைக்கு ரவிக்கை தைக்கும் ஒருவருக்கு அது நன்றாக உதவியதைப் பார்த்தேன், படம் பார்த்து ஆசைப்படும் வேலை அது. சீருடைக்கு அப்படி உதவுமா என்று தெரியவில்லை. தையல் கூலி கொடுப்பவர் தாய், பேஸ்புக் பார்ப்பது பெரும்பாலும் பிள்ளை. சில பள்ளத்தாக்குகளில் சிக்னலும் கிடைப்பதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் 40 விநாடிக் குரல் பதிவு ஒன்றை உங்கள் சொந்தக் குரலில் செய்து, துணி கொடுத்த அந்த ஐந்து பேருக்கும் அனுப்பி, அவர்கள் லயத்துக் குழுவில் போடச் சொல்வேன். செலவில்லை. தெரிந்த பெண் அனுப்பியது என்ற நம்பிக்கை அதோடு கூடவே போகும்.

செய்ய முடியாததை எழுதாதீர்கள். "மூன்றே நாளில்" என்று எழுதிவிட்டு ஐந்தாம் நாள் கொடுத்தால், பள்ளி தொடங்கும் நாளில் ஒரு பிள்ளை பழைய கவுனோடு நிற்கும். அந்தத் தாய் உங்களைப் பற்றி மடுவத்தில் சொல்லும் ஒரு வரியை எந்தத் துண்டுப்பிரசுரமும் அழிக்காது. சட்டத்திலும் இடமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் கூற்றைத் தடை செய்கிறது. கடையில் கூலியைப் பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள். துண்டில் உள்ளதும் பலகையில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும்.

நீங்கள் தந்த விவரங்களை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது: "பாடசாலைச் சீருடை தைக்கிறோம். துணியைக் கொண்டு வாருங்கள். வெள்ளைக் கவுன் தைக்கக் கூலி 800 ரூபா. ஐந்தாம் நாள் தருவோம். பிள்ளை வளர்ந்தால் இறக்கிவிட உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைப்போம். அடுத்த வருடம் இறக்கித் தரக் காசு வேண்டாம்." அதற்குக் கீழே கடைக்கு வழி. கதவிலக்கம் போதாது, தோட்டத்துக்குக் கடிதமே பெரும்பாலும் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்குத்தான் வந்து பழக்கம். பஸ்ஸிலிருந்து இறங்கினால் எந்தப் பக்கம், எந்தக் கோயிலுக்கு எதிரே, எத்தனையாவது கடை என்று எழுதுங்கள். பிறகு பெரிய எழுத்தில் தொலைபேசி இலக்கம். ரவிக்கை, திரைச்சீலை, தலையணை உறை தைப்பதையும் சேர்க்க ஆசை வரும். இந்தத் துண்டில் வேண்டாம். கடைக்கு வந்த தாய்க்கு அவற்றைச் சுவரில் காட்டலாம்.

இதை நம்பி உடனே அச்சடித்துவிடாதீர்கள். கையால் எழுதி, கொமியூனிகேசனில் இருபது பிரதிகள் எடுங்கள். உங்கள் லயத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, அப்பாயிக்கு ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிடுங்கள். ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பிறகு, "அப்பாயி, அந்தக் கடையில் என்னவாம்?" என்று கேளுங்கள். சீருடை, 800 ரூபா, அடுத்த வருடம் இறக்கித் தருவார்கள் என்ற மூன்றும் அவர் வாயிலிருந்து வந்தால் அச்சகத்துக்குப் போகலாம். ஒன்று விடுபட்டால் குறை அவரிடம் இல்லை, அந்த வரியைத் திருத்துங்கள். வேறு மூன்று வீடுகளிலும் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். உங்கள் வரிகளோடு வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுகிறேன்.